‘லூயி லூயி’: யாருக்கும் புரியாத பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

இது எந்தப் பாட்டு? நான் கேட்டிருப்பேனா?

பெயர் தெரியாமலேயே கேட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ‘டூ டூ டூ... டூ டூ... டூ டூ டூ... டூ டூ’ என்று மூன்றும் இரண்டுமாக மாறி மாறி வரும் ஒரு கீபோர்டு ஒலி. அதன் மேல் தொண்டை கட்டிய ஆள் ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து கத்துவது போல ஒரு குரல். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரத்துப் பையன்கள் ஐந்து பேர், ‘தி கிங்ஸ்மென்’ என்ற பெயரில் 1963 ஏப்ரலில் பதிவு செய்த ‘லூயி லூயி’ அது. மூன்று நிமிடம்கூட ஓடாது. ஆங்கிலப் பாட்டுகள் பக்கமே போகாதவர்கள்கூட ஏதாவது ஹாலிவுட் படத்தில், கல்லூரி விடுதிக் கும்மாளக் காட்சியில் இதைக் கேட்டிருப்பார்கள்.

அப்படியானால் கிங்ஸ்மென் எழுதிய பாட்டா?

இல்லை. இந்தப் பாட்டைப் பற்றிப் பேசினாலே முதலில் திருத்த வேண்டிய தவறு இதுதான். உலகம் முழுக்கத் தெரிந்த ‘லூயி லூயி’யே ஒரு கவர் வெர்ஷன், அதாவது ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் மறுபடி பாடிப் பதிவு செய்தது. அதுவும் கவரைக் கேட்டு எடுத்த கவர்.

எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி. லூசியானாவில் 1935-இல் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்த கறுப்பினப் பாடகர். ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரிக்கு உறவா என்று கேட்பார்கள். உறவு இல்லை, பெயர்தான் ஒன்று. ஐம்பதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் இவருடைய கனத்த குரலுக்கு நல்ல கிராக்கி, ஆனால் இசைத்தட்டில் பெயர் வராது. 1954-இல் ‘தி ராபின்ஸ்’ குழு பாடிய ‘ரயட் இன் செல் பிளாக் நம்பர் நைன்’ பாட்டில் கைதியாகக் கதை சொல்லும் குரல் இவருடையது. அடுத்த ஆண்டு பாடகி எட்டா ஜேம்ஸ், ஹென்றி என்று ஒருவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாடிய பாட்டு பெரிய வெற்றி. அதில் பதில் சொல்லும் ஹென்றியும் இவரேதான். வேலை செய்துவிட்டுப் பெயர் இல்லாமல் நிற்பது இவருக்கு அப்போதே பழகிவிட்டது.

மெட்டு அவருடைய சொந்த மெட்டுதானா?

பாடும் மெட்டு அவருடையது. அந்த ‘மூன்று, இரண்டு’ ஒலி மட்டும் கடன்.

1955-இல் அனஹைம் என்ற ஊரில் (டிஸ்னிலாந்து அதே ஆண்டுதான் அங்கே திறந்தது) ஹார்மனி பார்க் என்ற நடன அரங்கில் பெர்ரி பாடிக்கொண்டிருந்தார். உடன் வாசித்தது ‘ரிதம் ராக்கர்ஸ்’ குழு. ரில்லேரா சகோதரர்கள் அதில் இருந்தார்கள், பிலிப்பினோ வழியில் வந்தவர்கள். அவர்கள் வழக்கமாக வாசித்த உருப்படிகளில் ஒன்று, கியூபாவின் பியானோக் கலைஞர் ரெனே டூசெட்டின் ‘எல் லோகோ சா சா’. அதன் தொடக்கத்தில் வரும் அந்தப் பத்துச் சுரத் துண்டு பெர்ரியின் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மேடைக்குப் பின்னால் கையில் அகப்பட்ட கழிப்பறைக் காகிதத்தில் வரிகளை எழுதிவிட்டார் என்பது இந்தப் பாட்டோடு சேர்ந்தே வரும் கதை.

கியூபாவின் சா சா, பிலிப்பினோ சகோதரர்களின் கைகள், கறுப்பினப் பாடகரின் வரிகள், கடைசியில் போர்ட்லாந்தின் வெள்ளைக்காரப் பையன்கள். இதற்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் நான் வழிப்போக்கர் சத்திரம் என்றுதான் சொல்வேன்.

லூயி என்பது யார்? காதலியா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். லூயி ஒரு மதுக்கடைக்காரர். கப்பலில் வேலை பார்க்கும் ஒருவன் கடையில் உட்கார்ந்து, ‘லூயி, நான் கிளம்ப வேண்டும்’ என்று அவரிடம் மனசைக் கொட்டுகிறான். அவ்வளவுதான்.

ஜமைக்காவில் அவனுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். மூன்று பகலும் மூன்று இரவும் கடலில் போக வேண்டும். அவள் நினைப்பாகவே இருக்கிறான், கூந்தலில் இருந்த ரோஜாவின் மணம்கூட வருகிறது. போய்ச் சேர்ந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு, இனி விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லப்போகிறான். நம் சங்கப் பாட்டுகளில் வேலை முடித்துத் திரும்பும் தலைவன், தேரைச் சீக்கிரம் விடு என்று பாகனிடம் சொல்வானே, ஏறத்தாழ அந்த இடம்தான் இது. பாகன் இருந்த இடத்தில் மதுக்கடைக்காரர், தேருக்குப் பதில் கப்பல்.

மதுக்கடைக்காரரிடம் புலம்பும் யோசனை ஜானி மெர்சர் எழுதிய ‘ஒன் ஃபார் மை பேபி’ பாட்டிலிருந்து வந்தது. கரீபியன் சாயலில் கொஞ்சம் உடைந்த ஆங்கிலம், சக் பெர்ரியின் ‘ஹவானா மூன்’ கேட்ட பாதிப்பு. இத்தனை சாதுவான ஒரு பாட்டுக்காகத்தான் பின்னால் போலீஸ் வந்தது. அது வரட்டும்.

முதலில் வெளிவந்தபோது ஓடியதா?

சுமாராக. 1957 ஏப்ரலில் ‘ரிச்சர்ட் பெர்ரி அண்ட் தி ஃபேரோஸ்’ பெயரில் ஃபிளிப் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. இசைத்தட்டின் முன்பக்கத்தில் ‘யூ ஆர் மை சன்ஷைன்’, பின்பக்கத்தில்தான் ‘லூயி லூயி’. பின்பக்கம் கொஞ்சம் பேர் பெற்று நாற்பதாயிரம் பிரதிகள் வரை விற்றதாகக் கணக்கு. அப்புறம் அடங்கிவிட்டது.

பெர்ரிக்குக் கல்யாணம் வந்தது, கையில் காசு இல்லை. ‘லூயி லூயி’யையும் இன்னும் நான்கு பாட்டுகளையும் சேர்த்து, தன் உரிமையை ஃபிளிப் நிறுவன உரிமையாளர் மேக்ஸ் ஃபெயர்டாக்கிடம் 750 டாலருக்கு விற்றுவிட்டார். ஓடி முடிந்த பாட்டு, அதற்கு மேல் என்ன வரப்போகிறது என்றுதான் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றும். அவரை ஏமாளி என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் அடங்கிய பாட்டு வடக்கே எப்படிப் போனது?

தட்டு போனது, அவ்வளவுதான். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா, சியாட்டில் பக்கம் நடன விருந்துகளில் வாசிக்கும் குழுக்கள் ஏராளம். ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்ற இளம் பாடகர் பெர்ரியின் தட்டைக் கண்டெடுத்து மேடையில் பாட ஆரம்பித்தார். 1961-இல் டகோமாவின் ‘தி வெய்லர்ஸ்’ குழு பின்னால் வாசிக்க, அவர் பாடிய பதிவு வந்தது. (பாப் மார்லியின் வெய்லர்ஸ் வேறு.)

பாட்டின் உருவத்தை மாற்றியது இந்தப் பதிவுதான். பெர்ரியிடம் மெதுவாக அசைந்த பாட்டு இங்கே எழுந்து நின்று இடித்தது. கிட்டார் தனி வாசிப்புக்கு முன்னால் ராபர்ட்ஸ் ஒரு கத்தல் கத்துவார், ‘இப்பவே கொடுத்துடலாம்’ என்கிற அர்த்தத்தில். பின்னால் வந்தவர்கள் அதையும் சேர்த்தே காப்பி அடித்தார்கள். அந்தக் கத்தல் பெர்ரி எழுதியது அல்ல. ராபர்ட்ஸ் 1967-இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். இந்த வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் எண்ணம்.

கிங்ஸ்மென் பதிவு ஏன் அவ்வளவு மோசமாக இருக்கிறது?

மோசம் என்றா சொல்கிறீர்கள்? சரி, மோசம்தான்.

கடலோர ஊர் ஒன்றில் காசு போட்டால் பாடும் பெட்டியில் இளைஞர்கள் ராபர்ட்ஸின் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ஆடுவதைக் கிங்ஸ்மென் பார்த்தார்கள். பாடகர் ஜேக் ஈலி அதைக் காதால் கேட்டுப் பாடம் செய்து, நினைவிலிருந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தாளத்தைத் தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டதாக அவரே பின்னாளில் சொன்னார். இன்று உலகம் தட்டும் அந்த ‘மூன்று, இரண்டு’ இடியின் அழுத்தம் அந்தத் தப்பிலிருந்து வந்தது.

1963 ஏப்ரல் 6 அன்று போர்ட்லாந்தில் ஒரு சிறிய ஸ்டுடியோவுக்குப் போனார்கள். செலவு ஐம்பது டாலர் அளவில். முந்தைய இரவு மேடையில் இதே பாட்டைத் தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் இழுத்து வாசித்திருந்தார்கள், அதனால் தொண்டை ஏற்கனவே போயிருந்தது. மைக் கூரையிலிருந்து உயரத்தில் தொங்கியது. ஈலி கழுத்தை அண்ணாந்து, சுற்றி வாசிக்கும் கருவிகளின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். ஒத்திகை என்று நினைத்து வாசித்ததுதான் கடைசியில் தட்டாக வெளிவந்தது. பதிவு முடிந்ததும் குழுவுக்கே திருப்தி இல்லை.

பாட்டின் நடுவே பாடகர் தடுமாறுகிறாரே, அது வேண்டுமென்றே செய்ததா?

இல்லை, நல்ல காது உங்களுக்கு. கிட்டார் தனி வாசிப்பு முடியும் இடத்தில் ஈலி அவசரப்பட்டு அடுத்த சரணத்தைத் தொடங்கிவிடுகிறார். ஒரு சொல் வாயிலிருந்து விழுந்ததும் மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று தெரிந்து நிறுத்துகிறார். டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் ஒரு உருட்டு உருட்டி அந்த ஓட்டையை அடைக்கிறார். பிறகு சரியான இடத்தில் மறுபடி தொடக்கம்.

கச்சேரியில் பாடகர் எடுப்பைத் தவறவிட்டால் மிருதங்கக்காரர் ஒரு சொல் போட்டுக் காப்பாற்றுவாரே, அதே வித்தை. வேடிக்கை என்னவென்றால், பின்னால் இதைக் கற்றுக்கொண்ட எத்தனையோ உள்ளூர்க் குழுக்கள் அந்தத் தடுமாற்றத்தையும் பாட்டின் பகுதியாக நினைத்து அப்படியே வாசித்தன.

அதே சமயத்தில் இன்னொரு குழுவும் இதைப் பதிவு செய்ததாமே?

ஆமாம். ‘பால் ரெவியர் அண்ட் தி ரெய்டர்ஸ்’. அதே ஊர், அதே ஸ்டுடியோ, அதே மாதம். வாசிப்பில் அவர்கள் சுத்தம், உள்ளூரில் முதலில் அதிகம் விற்றதும் அவர்கள் தட்டுதான். கொலம்பியா போன்ற பெரிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. இருந்தும் நாடு முழுக்க ஓடியது கிங்ஸ்மென். அந்த ரெய்டர்ஸ் அடுத்த ஆண்டு ‘லூயி, கோ ஹோம்’ என்று ஒரு தொடர்ச்சிப் பாட்டே எழுதினார்கள். ‘லூயி, வீட்டுக்குப் போ’. மனசில் எவ்வளவு இருந்திருக்கும்!

எப்படி அவ்வளவு பெரிய வெற்றி ஆனது?

பரவலாகச் சொல்லப்படும் கதை இது: பாஸ்டனில் ஆர்னி கின்ஸ்பர்க் என்ற வானொலி அறிவிப்பாளர், ‘இந்த வாரத்தின் மிக மோசமான தட்டு’ என்று கிண்டல் செய்து இதை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் கடைக்குப் படையெடுத்தார்கள். வாண்ட் என்ற நிறுவனம் நாடு முழுவதும் விநியோகித்தது.

1963 டிசம்பரில், அமெரிக்காவில் எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று பில்போர்டு பத்திரிகை வெளியிடும் பட்டியலில் இரண்டாம் இடம். மொத்தம் ஆறு வாரம் அந்த இரண்டில் இருந்தும் ஒன்றைத் தொட முடியவில்லை. டிசம்பரில் வழியை மறித்து நின்றது ‘டொமினிக்’. பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர் கிட்டாரோடு பிரெஞ்சில் பாடிய பக்திப் பாட்டு அது. அந்த ஆண்டு முடியும்போது அமெரிக்காவின் முதல் இரண்டு பாட்டுகளில் ஒன்று அந்நிய மொழி, இன்னொன்று எந்த மொழி என்றே கண்டுபிடிக்க முடியாதது.

ஆபாசப் பாட்டு என்று தடை செய்தார்களாமே?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

புரியாத இடத்தில் மனசு தானாகவே எதையாவது நிரப்பிக்கொள்ளும். நம் ஊரில் சினிமாப் பாட்டில் ஒரு சொல் பிடிபடாவிட்டால், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கிச் சண்டையை முடித்துக்கொள்வார்கள். அங்கே அப்படி எதுவும் மாணவர்கள் கையில் இல்லை. அவர்களே எழுதினார்கள். கப்பல்காரன் அந்தப் பெண்ணோடு என்னவெல்லாம் செய்தான் என்று விலாவாரியான ‘உண்மையான வரிகள்’ தாளில் எழுதப்பட்டு வகுப்புக்கு வகுப்பு கை மாறின. ஊருக்கு ஒரு பாடம், பள்ளிக்கு ஒரு பாடம். 45 சுற்றுத் தட்டை 33 சுற்றில் மெதுவாக ஓடவிட்டால் தெளிவாகக் கேட்கும் என்று ஒரு உபாயமும் சேர்ந்து பரவியது.

பெற்றோர் கையில் அந்தத் தாள் சிக்கியது. 1964 ஜனவரியில் இந்தியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ், மாணவர் ஒருவரின் புகாரைப் பார்த்து, தட்டையும் கேட்டு, தன் காது கூசியதாகச் சொன்னார். இதை ஒலிபரப்ப வேண்டாம் என்று மாநில ஒலிபரப்பாளர் சங்கத்திடம் கேட்டுக்கொண்டார். சட்டப்படி அது தடை அல்ல, ஆனால் ஆளுநர் கேட்டால் நிலையங்கள் என்ன செய்யும்? பாட்டின் உரிமையாளர் தரப்போ, இதில் ஆபாசத்தைக் காட்டுபவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தது. விற்பனை இன்னும் ஏறியது.

எஃப்.பி.ஐ. விசாரித்தது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. கோப்பு இன்று பொதுமக்கள் பார்வைக்கே இருக்கிறது, நூறு பக்கத்துக்கு மேல்.

1964 தொடக்கத்தில் தட்டின் மேல் வந்த புகார்க் கடிதங்களில் ஒன்று அன்றைய தலைமைச் சட்ட அதிகாரி ராபர்ட் கென்னடிக்கே போனது. தன் பிள்ளை வாங்கி வந்த தட்டைக் கேட்டுக் கலங்கிப்போன ஒரு பெற்றோர் எழுதியது. ஆபாசமான பொருளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது குற்றம் என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் உண்டு, அதன் கீழ் எஃப்.பி.ஐ. இறங்கியது. இந்தியானாபொலிஸ், டாம்பா, நியூயார்க், டெட்ராய்ட் என்று பல ஊர் அலுவலகங்கள் ஆளுக்கொரு தட்டும் ஆளுக்கொரு தாளும் தலைமை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பின. ஆய்வுக்கூடத்தில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடவிட்டுக் கேட்டார்கள். எந்த வேகத்தில் ஓட்டினாலும் என்ன பாடுகிறார் என்று புரியவில்லை, புரியாததை ஆபாசம் என்று வழக்குப் போட முடியாது: இதுதான் சாரம். இரண்டு ஆண்டுக்கும் மேலாகக் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பெர்ரி பாடிய 1957-ஆம் ஆண்டுத் தட்டில் ஒவ்வொரு சொல்லும் கண்ணாடி போலத் தெளிவு. அதை ஒருமுறை போட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். பாடிய ஜேக் ஈலியிடமும் யாரும் போய், ‘தம்பி, என்னதான் பாடினாய்?’ என்று கேட்கவில்லை.

அப்படியானால் அதில் கெட்ட வார்த்தையே இல்லையா?

ஒன்று இருக்கிறது! பாடகர் சொன்னது அல்ல. பாட்டு தொடங்கி ஏறத்தாழ 54-ஆவது விநாடியில், டிரம்ஸ் குச்சியைக் கோட்டைவிட்ட ஈஸ்டன் பின்னணியில் ஒரு கெட்ட வார்த்தை கத்துகிறார். உற்றுக் கேட்டால் காதில் விழும். வரிகளுக்குள் இல்லாத பாவத்தைத் தேடிக் களைத்த ஆய்வுக்கூடம், தட்டில் உண்மையாகவே இருந்த அதைக் கவனிக்கவில்லை.

ஜேக் ஈலி அப்புறம் என்ன ஆனார்?

பாட்டு ஓடத் தொடங்கும் முன்பே குழுவை விட்டுப் போயிருந்தார். டிரம்ஸ் வாசித்த ஈஸ்டன், குழுவின் பெயர் தன் பெயரில் பதிவாகியிருக்கிறது, இனி நான்தான் பாடகன், நீ டிரம்ஸில் உட்கார் என்றார். 1963 ஆகஸ்டில் ஈலி வெளியேறினார். சில மாதத்தில் தன் குரல் நாடெங்கும் ஒலிக்க, மேடையிலும் தொலைக்காட்சியிலும் வேறொருவர் அதற்கு வாயசைப்பதைப் பார்க்க வேண்டிய நிலை. ஈலி தனியாக ஒரு ‘கிங்ஸ்மென்’ நடத்திப் பார்த்தார், வழக்கு வந்தது. சமரசத்தில் அவருக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை போனது, ஈஸ்டனுக்கு வாயசைக்கும் உரிமை போனது. பின்னாளில் அச்சான தட்டுகளில் பாடியது ஜேக் ஈலி என்று லேபிளில் போட்டார்கள். 2015-இல் காலமானார்.

கீபோர்டு வாசித்த டான் கலூச்சி அப்போது பள்ளிக்கூடப் பையன். 1970-இல் ‘தி ஸ்டூஜஸ்’ குழுவின் ‘ஃபன் ஹவுஸ்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் அவரே. ஸ்டூஜஸ் பெயரை நினைவில் வையுங்கள், கீழே வருகிறார்கள்.

மொத்தம் எத்தனை கவர் இருக்கிறது?

ஆயிரத்தைத் தாண்டும். 1983-இல் கலிஃபோர்னியாவின் கே.எஃப்.ஜே.சி. என்ற கல்லூரி வானொலி, ‘லூயி லூயி’யை மட்டுமே 63 மணி நேரம் தொடர்ந்து ஒலிபரப்பியது. எண்ணூறுக்கும் மேற்பட்ட பதிவுகள், ஒரே பாட்டு. பெர்ரியும் ஈலியும் நேரில் வந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வீட்டு மனிதர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இவ்வளவு கவர் வரக் காரணம் எளிது. மூன்றே கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு), கிட்டார் வாங்கிய முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம். வரிகள் யாருக்கும் தெரியாது என்பதால் தப்பாகப் பாடினாலும் கேட்க ஆள் இல்லை.

அவற்றில் கேட்க வேண்டியவை எவை?

என் ரசனையைச் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

ஓடிஸ் ரெட்டிங் 1964-இல் பாடியது முதலில். வெள்ளைக்காரப் பையன்களிடமிருந்து பாட்டை வாங்கி, வரிகளைத் தன் போக்கில் மாற்றி, ஊதுகருவிகளோடு சோல் இசையாகத் திருப்பித் தருகிறார். அதே ஆண்டு பீச் பாய்ஸும் கிங்க்ஸும் பாடினார்கள். கிங்க்ஸ் பதிவு அப்படி ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் அவர்களுடைய ‘யூ ரியலி காட் மீ’யின் அடிக்கும் கிட்டாரில் ‘லூயி லூயி’யின் நிழல் விழுந்திருக்கிறது. 1966-இன் ‘வைல்ட் திங்’கும் இதே குடும்பம்தான்.

சேண்ட்பைப்பர்ஸ் என்ற மூவர் 1966-இல் இதைத் தாலாட்டு மாதிரி ஆக்கினார்கள். கேட்டதும் சிரிப்பு வரும், இரண்டாம் முறை கேட்டால் வராது; உள்ளே ஒரு ஏக்கப் பாட்டு இருந்தது அப்போதுதான் தெரியும். ஜூலி லண்டன் 1969-இல் பாடியது இன்னும் மெதுவு. பாதித் தூக்கத்தில், புகை மண்டிய அறையில், காதோரம் பாடுவது போல. எழுதிய வரிகளில் ஒன்றுமே இல்லாதிருந்தும், ஆளுநருக்குக் காது கூச வேண்டிய பதிவு என்றால் அது இதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ். ஜமைக்காவுக்குப் போகிறேன் என்று பதினைந்து ஆண்டாகப் பாடப்பட்ட பாட்டை ஜமைக்காக்காரர்களே ரெக்கே தாளத்தில் பாடினார்கள். ஒரே ஒரு கவர்தான் கேட்க நேரம் என்றால் இதைக் கேளுங்கள். கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஸ்டூஜஸ் 1974 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடத்திய கச்சேரியின் கடைசிப் பாட்டு இது. கூட்டம் பாட்டில்களை வீசிக்கொண்டிருக்க, குழுவின் பாடகர் இகி பாப் முழுக்க முழுக்கப் பச்சை வரிகளாகப் பாடினார். 1976-இல் ‘மெட்டாலிக் கே.ஓ.’ என்று தட்டாகவே வந்தது. எஃப்.பி.ஐ. பத்து ஆண்டுக்கு முன் தேடிய பாட்டு கடைசியில் கிடைத்தது, ஆனால் அப்போது யாரும் தேடவில்லை. அதே இகி 1993-இல் அரசியல் வரிகள் போட்டு இன்னொருமுறை பாடினார்.

மோட்டர்ஹெட் (1978), பிளாக் ஃபிளாக் (1981) இரண்டும் சத்தம் பிடித்தவர்களுக்கு. 1981-இல் பேரி வைட் லத்தீன் தாளத்தோடு பாடியது பலர் கவனிக்காதது. பாட்டு தன் கியூப வேருக்கே திரும்பிப் போன மாதிரி இருக்கும். ஊர்வல பேண்டு வாத்தியப் பதிவுகள் தனிக் கூட்டம். அவை எனக்கு ஒன்று போதும்.

படத்தில் வந்ததாகச் சொன்னீர்களே?

1978-இல் வந்த ‘அனிமல் ஹவுஸ்’. நடிகர் ஜான் பெலுஷியும் நண்பர்களும் தட்டோடு சேர்ந்து கத்துவார்கள். கதை நடப்பது 1962-இல், ஒலிக்கும் கிங்ஸ்மென் தட்டோ 1963-இல்தான் பதிவானது. கொண்டாட்டக் காட்சி, விட்டுவிடலாம்.

ஒரு மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பாடலா இது?

இல்லை, ஆனால் கிட்டத்தட்ட நடந்திருக்கும். 1985-இல் சியாட்டில் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திய ராஸ் ஷேஃபர், வாஷிங்டன் மாநிலப் பாடலை எடுத்துவிட்டு ‘லூயி லூயி’யை வைக்க வேண்டும் என்று விளையாட்டாகக் கிளப்பினார். சட்டமன்றம் வரை போய்விட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 12 ‘லூயி லூயி நாள்’ என்று கொண்டாடப்பட்டது. பழைய மாநிலப் பாடல் பிழைத்துக்கொண்டது.

கவர் மேல் கவர் வந்ததே, ரிச்சர்ட் பெர்ரிக்குப் பணம் வந்ததா?

ரொம்ப காலம் இல்லை. எண்பதுகளின் நடுவில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் தாயார் வீட்டில், அரசு உதவித்தொகையில் வாழ்ந்துகொண்டிருந்தார். கலிஃபோர்னியா கூலர் என்ற பான நிறுவனம் விளம்பரத்துக்கு ‘லூயி லூயி’ கேட்டது, அதற்கு எழுதியவரின் கையெழுத்து தேவைப்பட்டது. ஆளைத் தேடிப் பிடித்தார்கள். வழக்கறிஞர் வந்தார், உரிமை மீட்டுத் தரும் ஓர் அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1986-இல் சமரசம்: பாட்டின் உரிமையில் பங்கு திரும்பியது, கைக்கு வந்தது இருபது லட்சம் டாலர் அளவில் என்று செய்திகள் வந்தன. 750 டாலருக்கு விற்றவர் 1997 ஜனவரியில் இறக்கும்போது வறியவராக இல்லை. பத்து ஆண்டுதான் அனுபவித்தார், வயது 61.

கிங்ஸ்மென் குழுவுக்கும் தட்டின் ராயல்டி முப்பது ஆண்டாக வரவில்லை. 1993-இல் வழக்குப் போட்டு வென்றார்கள். 1998-இல் மேல்முறையீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்ததும் மூலப் பதிவுகள் அவர்கள் கைக்கே வந்தன.

இப்போதும் யாராவது இதை ஆபாசம் என்கிறார்களா?

2005-இல் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்ற ஊரில், பள்ளி பேண்டு குழு ஊர்வலத்தில் ‘லூயி லூயி’ வாசிக்கக் கூடாது என்று பள்ளிக் கண்காணிப்பாளர் உத்தரவு போட்டார். காரணம், வரிகள் சரியில்லை. வாசிக்கப்போனது பேண்டு. பாடவே போவதில்லை. ஊரே சிரித்ததும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

சரி, எந்த வரிசையில் கேட்பது?

பெர்ரி 1957, ராபர்ட்ஸ் 1961, கிங்ஸ்மென் 1963. இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. ஒரு சாதுவான கப்பல்காரன் எப்படி ஊரே பயந்த ஆளாக மாறினான் என்பது காதுக்கே புரிந்துவிடும். அப்புறம் டூட்ஸ். கிங்ஸ்மென் ஓடும்போது 54-ஆவது விநாடியை மட்டும் தவறவிடாதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எஃப்.பி.ஐ.க்கே கேட்கவில்லை.